உங்கள் தற்காப்பு உத்திகளை நோட்டுப்புத்தகத்தில் பிடிப்பது எப்படி?

தாங்க முடியாத உணர்ச்சியிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள மனசு பெரும்பாலும் நமக்கே தெரியாமல் செய்யும் தந்திரங்கள்தான் தற்காப்பு உத்திகள். இவற்றின் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு, யாரிடம் எது இருக்கிறது என்று தேடக் கிளம்பாதீர்கள். பெயர் கடைசியில் வரட்டும். முதலில் பார்க்க வேண்டியது அளவு. நடந்தது சின்ன விஷயம், கோபமோ மலையளவு. அல்லது பெரிய அடி விழுந்திருக்கிறது, மனசில் ஒன்றுமே தோன்றவில்லை. இந்த இரண்டில் ஒன்று தென்பட்டால் அந்த இடத்தில் தோண்டலாம்.

தத்துவம் இவ்வளவு போதும். தற்காப்பு என்ற கருத்தை உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் பிராய்டு 1894லேயே எழுதிவிட்டார். மனசை இட் (ஆசை, உந்துதல்), ஈகோ (நிதானமாகச் சமாளிக்கும் பகுதி), சூப்பர் ஈகோ (மனசாட்சி) என்று பிரித்தது 1923ல் வந்தது. பதற்றம் என்பது ஈகோவுக்கு அடிக்கும் எச்சரிக்கை மணி என்று 1926ல் விளக்கினார். மணி அடித்ததும் பெரும்பாலும் நமக்கே தெரியாமல் ஈகோ செய்கிற காரியம்தான் தற்காப்பு. அவர் மகள் அன்னா 1936ல் இவற்றை ஒழுங்காகத் தொகுத்தார். பிராய்டு சொன்னதில் பலவற்றை இன்று யாரும் அப்படியே ஏற்பதில்லை. தற்காப்பு மட்டும் தாக்குப்பிடித்துவிட்டது.

ஒரு நோட்டில் நான்கு பத்திகள் போடுங்கள்: நடந்தது, நான் சொன்னது அல்லது செய்தது, உடம்பில் தெரிந்தது, உள்ளே இருந்திருக்கக்கூடிய உணர்ச்சி. முதல் மூன்றை அன்றிரவே பத்து நிமிடத்தில் எழுதிவிட வேண்டும். நான்காவதை மறுநாள்தான் நிரப்ப வேண்டும். சூடு ஆறாமல் எழுதினால் அங்கேயும் தற்காப்பே பேனாவைப் பிடித்து எழுதும். இரண்டு வாரம் எழுதினால் ஒரே மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது முதல் பத்தியில். "மேனேஜர் என்னை அவமானப்படுத்தினார்" என்பது நடந்தது அல்ல, உங்கள் தீர்ப்பு. கேமராவில் பதியக்கூடியதை மட்டும் எழுதுங்கள். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு லைன் லீடரின் பக்கம் இப்படி இருக்கலாம்:

நடந்தது: மாலை 4 மணி மீட்டிங்கில், ரிஜெக்ட் கூடியது ஏன் என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டார். இரவு 8 மணிக்கு மகனின் பள்ளிக் காலணி வாசலில் கிடந்தது.
செய்தது: மேனேஜரிடம் "ஓகே பாஸ்". மகனிடம் கால்மணி நேரம் கத்தல்.
உடம்பு: மீட்டிங்கில் தாடை இறுக்கம். பாலத்து ஜேமில் தலைவலி.
உணர்ச்சி: மேனேஜர் மேல் கோபம், வேலை போய்விடுமோ என்ற பயம்.

தாடை இறுகியது மீட்டிங்கில், வெடித்தது வீட்டில். இதற்குப் பெயர் இடமாற்றம். உடம்புப் பத்தி இல்லாவிட்டால் எல்லாப் பழியும் காலணி மேலேயே விழுந்திருக்கும்.

பெயர் வைக்கும்போது சில ஜோடிகள் குழப்பும். இடமாற்றத்தில் உணர்ச்சி உங்களுடையதுதான், அதை வாங்கிக் கட்டிக்கொள்பவர் மாறுகிறார். புறத்தேற்றத்தில் உணர்ச்சிக்குச் சொந்தக்காரரே மாறிவிடுகிறார்: பதவி உயர்வு பெற்ற தோழிமேல் உங்களுக்குப் பொறாமை, ஆனால் "அவளுக்குத்தான் என்னைக் கண்டாலே ஆகாது" என்று தோன்றும். கிளினிக்கில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 12 mmol/L என்று மிக அதிகமாகக் காட்டியும் "மெஷின் சரியில்லை" என்றால் மறுப்பு, ஏனென்றால் தள்ளப்படுவது வெளியே இருக்கும் உண்மை. ஒடுக்கத்தில் மறைவது உள்ளே இருக்கும் நினைவோ ஆசையோ. "இப்போது வண்டி ஓட்டுகிறேன், வீட்டுக்குப் போய் யோசிக்கலாம்" என்பது ஒடுக்கம் ஆகாது. அது தெரிந்தே தள்ளிப்போடுவது, ஆரோக்கியமானது. 1977ல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜார்ஜ் வேலன்ட் முதிர்ந்த தற்காப்புகள் என்று வகுத்தவற்றில் அதுவும் ஒன்று, நகைச்சுவையும் ஒன்று.

கண்ணில் சிக்காமல் நழுவுவது எதிர்வினை உருவாக்கம், அதாவது உள்ளே இருப்பதற்கு நேர்மாறாக வெளியே நடப்பது. மாமியார்மேல் உள்ளூர எரிச்சல், வெளியே "அத்தை, அத்தை" என்று ஒரு நாளும் தவறாத பணிவிடை. பாசமாகவே இருக்கலாம், அதனால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். ஒரு நாள் விட்டால் குலை நடுங்குகிறதா என்று பாருங்கள். பாசம் என்றால் ஒரு நாள் ஓய்வு தாங்கும்.

இந்த நோட்டு உங்களுக்கு மட்டும். கணவரிடமோ மனைவியிடமோ "இது உன் மறுப்பு" என்று சொல்லிப் பாருங்கள், தற்காப்பு இரண்டு மடங்காகும். துக்க வீட்டில் அறவே வேண்டாம். முதல் சில நாட்கள் மறுப்புதான் ஆளை நிற்க வைக்கிறது, அதை யாரும் பிடுங்கக் கூடாது.

எழுத ஆரம்பித்த பிறகு தூக்கம் கெட்டாலோ, பழைய கொடுமைகள் கண்முன் ஓடினாலோ நோட்டை மூடிவிட்டு அரசாங்க கிளினிக்கில் மனநலப் பரிந்துரை கேளுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மலேசிய சுகாதார அமைச்சின் ஹீல் என்ற மனநல ஆதரவுத் தொலைபேசிச் சேவை எண் 15555. ஆலோசகரைப் பார்க்கும்போது நோட்டைக் கொண்டுபோனால் முதல் மூன்று பத்திகளை மட்டும் வாசியுங்கள். நான்காவதை அவரோடு சேர்ந்து புதிதாக நிரப்புங்கள்.