மொட்டும் நாருமாகப் போங்கள்: பக்கத்து வீட்டுப் பெரியவர்களோடு பழக

"ஏதாச்சும் உதவி வேணுமா?" என்று கேட்டால் "ஒண்ணும் வேணாம்ப்பா" என்றுதான் பதில் வரும். அதோடு பேச்சும் முடிந்துவிடும். கேட்கிற இடத்தில் நீங்கள் இருங்கள்: "அப்பத்தா, பூக்கட்டக் கத்துக் குடுங்க." மதுரைப் பக்கத்தில் அப்பத்தா, ஐயா என்று கூப்பிட்டாலே பாதித் தயக்கம் போய்விடும். ஆன்ட்டி, அங்கிள் வேண்டாம்.

100 கிராம் மல்லிகை மொட்டு போதும். காலையிலேயே வாங்கி ஈரத்துணியில் சுற்றிவையுங்கள். வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து, மெல்லியதாகக் கிழித்துக்கொள்ள வேண்டும். காய்ந்த நார் முடிச்சிடும்போதே அறுந்துவிடும். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, எதிர்ப்பக்கம் இரண்டு, காம்புகள் நடுவில் சேரும்படி வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் வளையம் போட்டுக் காம்பில் மாட்டி இழுப்பார்கள். தளர விட்டால் மொட்டு உதிரும், இறுக்கினால் காம்பு அறுபடும். அந்த நடு இழுப்பைச் சொல்லித்தர முடியாது, அவர் விரலைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். கண்புரை வந்தவர்கூடப் பார்க்காமலே கட்டுவார். முகூர்த்த நாளில் மல்லி விலை எகிறும். அன்றைக்கு விலை குறைந்த வேறு பூ வாங்கிக்கொள்ளலாம்.

மதியத் தூக்கம் கலைந்து, விளக்கேற்றுவதற்கு முன்பு, அதாவது நான்கிலிருந்து ஐந்தரைக்குள் போவது நல்லது. முக்கால் மணி நேரத்தில் கிளம்பிவிடுங்கள். மாதம் ஒருநாள் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட வாரம் இரண்டு நாள் இப்படிப் போவதே நிலைக்கும்.

காது மந்தமானவரிடம் கத்தாதீர்கள். வயதானால் முதலில் குறைவது கீச்சுக்குரல் கேட்கும் திறன்தான். கத்தினால் குரல் இன்னும் கீச்சாகும். டிவியை அணைத்து, உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி எதிரே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி நிதானமாகப் பேசுங்கள்.

"உடம்பு எப்படி இருக்கு?" என்று ஆரம்பித்தால் மாத்திரைப் பட்டியலில்தான் போய் முடியும். சித்திரைத் திருவிழாவில் மதுரைக்கு வரும் கள்ளழகரை எதிர்கொண்டு வரவேற்பதுதான் எதிர்சேவை. "எதிர்சேவைக்கு அப்பெல்லாம் எந்த வழியா நடந்து போவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். எண்பதைத் தாண்டியவரென்றால் 1959-இல் வைகை அணை திறப்பதற்கு முந்தைய ஆற்றைப் பார்த்திருக்கலாம். எந்தத் தெருவில் வெள்ளம் ஏறியது, எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்க ஆகும் என்பதெல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. சொன்னதையே திரும்பச் சொன்னால் "ஏற்கெனவே சொன்னீங்களே" என்று வெட்டாதீர்கள். "அப்ப யார் கூட வந்தா?" என்று கிளை பிரித்தால் புது விஷயம் வரும்.

பூவில் நாட்டமில்லாத ஐயாக்களுக்கு ஆடு புலி ஆட்டம். திண்ணையில் சாக்பீஸால் கட்டம் வரைந்து, புலிக்கு மூன்று கல், ஆட்டுக்குப் பதினைந்து புளியங்கொட்டை வைத்தால் ஆட்டம் தயார். பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். வேண்டுமென்றே தோற்காதீர்கள், உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

தின்பண்டம் கொண்டுபோவதென்றால் சர்க்கரை, பல் இரண்டையும் வீட்டாரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். அவர் எழும்போது கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். உட்கார்ந்தவர் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். ஒரு நிமிடம் காலைத் தொங்கவிடச் சொல்லி, உங்கள் முன்கையை நீட்டுங்கள், அவராகப் பற்றிக்கொள்வார்.

மத்திய அரசு ஓய்வூதியம் வாங்குபவருக்கு நவம்பரில் ஆயுள் சான்று, அதாவது உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்று, கொடுக்க வேண்டியிருக்கும். 80 வயதானவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். ரேகை தேய்ந்து கருவியில் பதியாவிட்டால், இந்தச் சான்றுக்கான ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம். ஆனால் ஏடிஎம் அட்டை, பின் எண், ஓடிபி எதையும் கையில் வாங்காதீர்கள். நல்லெண்ணத்தில் வாங்கினாலும் நாளைக்கு நூறு ரூபாய் குறைந்தால் உறவே கெடும். யாராவது அவரைக் கவனிக்காமல் விட்டிருப்பது தெரிந்தால் முதியோர் உதவி எண் 14567.

கட்டிய சரத்தில் ஒரு முழம் கிள்ளி நீட்டுவார். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். வர முடியாத நாளென்றால் காலையிலேயே சொல்லிவிடுங்கள். நான்கு மணிக்கெல்லாம் நாரை நனைத்துவைத்திருப்பார்.