கூப்பிட்டுப் பேசித் தீர்க்காதீர்கள்: உள்ளகப் புகார்க் குழுவுக்குப் புதிதாக வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரிகள் திறக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் பல இடங்களில், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவைப் புதுப்பிக்கிறார்கள். மூன்றாண்டுக் காலம் முடிந்தவர்கள் விலக, அதுவரை இந்த வேலையின் பக்கமே வராத பேராசிரியர்களும் அலுவலர்களும் உறுப்பினராகிறார்கள். சில கல்லூரிகளில் நான் வெளி உறுப்பினராக இருப்பதால், புதியவர்களுக்கான பயிற்சி வகுப்புகளுக்கு என்னையும் அழைப்பதுண்டு. அண்மையில் அப்படியொரு வகுப்பில், "ஒரு மாணவி உங்கள் அறைக்கு வந்து ஒரு பேராசிரியர்மீது புகார் சொல்கிறாள், முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். வந்த விடைகளில் பெரும்பாலானவை, 2013-இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்த புதிதில் எங்களில் பலரும் செய்து, அதற்கான விலையை மாணவிகள் கொடுத்த அதே காரியங்கள்தாம். அவற்றில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பொறுப்போடு நடந்துகொள்கிறோம் என்ற நம்பிக்கையில் செய்வதால்தான் அவை இன்னும் நின்றபாடில்லை.

குழுவே அமைக்காமல் இருப்பது, பெயர்ப் பலகை வைக்காமல் இருப்பது போன்ற வெளிப்படையான குறைகளை இங்கே விட்டுவிடுகிறேன். குழு இருந்தும், அதில் நல்லவர்களே அமர்ந்திருந்தும் நடக்கும் தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

துறைத் தலைவரைக் குழுவில் உட்கார வைத்தல்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்படி துணைவேந்தர், பதிவாளர், புல முதன்மையர், துறைத் தலைவர் ஆகியோர் இந்தக் குழுவில் உறுப்பினராக இருக்கக் கூடாது. "எங்கள் கல்லூரி சிறியது" என்பது இதற்கு விலக்காகாது.

கூப்பிட்டுப் பேசித் தீர்த்து வைத்தல்

ஒரு கலை அறிவியல் கல்லூரியில் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, தன் புராஜெக்ட் நெறியாளரைப் பற்றி முதல்வரிடம் வாய்மொழியாகச் சொன்னாள். இரவு பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் செய்திகள் வரும், அவற்றுக்குப் பதில் எழுதாவிட்டால் மறுநாள் ஆய்வகத்தில் எல்லார் முன்னிலையிலும் திட்டு விழும், அறிக்கையில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிப்பார் என்பது அவள் சொன்னதன் சாரம். முதல்வர் அவளை நம்பினார். நம்பியதால்தான், விஷயம் பெரிதாவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அன்று மாலையே அந்த நெறியாளரையும் துறைத் தலைவரையும், ஊரிலிருந்து அவளுடைய பெற்றோரையும் தம் அறைக்கு வரவழைத்தார். பெரியவர்கள் எல்லாரும் நாற்காலிகளில் அமர்ந்திருக்க, அந்தப் பெண் மட்டும் கதவோரம் நின்றிருக்கிறாள். "சார் உனக்கு அப்பா ஸ்தானத்துல இருக்கிறவர் இல்லையாம்மா?" என்று துறைத் தலைவர் கேட்டிருக்கிறார். தந்தையோ மகளின் முகத்தைப் பார்க்காமல் நெறியாளரைப் பார்த்து, "ஏதாவது தப்பா நடந்திருந்தா மன்னிச்சுக்குங்க சார், பொண்ணு படிப்பு கெட்டுடக் கூடாது" என்றிருக்கிறார். அதற்குப் பிறகு அவள் வாய் திறக்க வழியே இல்லை. ரெக்கார்டு நோட்டிலிருந்து கிழித்த தாளில், "நான் தவறாகப் புரிந்துகொண்டு புகார் கூறிவிட்டேன், இதை மேற்கொண்டு தொடர விரும்பவில்லை" என்று துறைத் தலைவர் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்திட்டாள். அந்தக் கையெழுத்துக்குக் கீழே துறைத் தலைவரே பச்சை மையில் தேதியைப் போட்டார்.

அந்தத் தாளை நான் பார்த்தது ஓராண்டு கழித்து. அதே நெறியாளர்மீது வேறொரு மாணவி எழுத்துமூலம் புகார் கொடுத்தபோது, தம் பக்கத்துக்கு ஆதாரமாக அவர் குழுவின் முன் வைத்த முதல் ஆவணம் அதுதான். மாணவிகள் என்னைத் தவறாகப் புரிந்துகொள்வது இது முதல் தடவையல்ல என்று அதைக் காட்டி வாதாடினார். முதல் மாணவியைத் தேடிப் பிடித்துக் கேட்டோம். நெறியாளர் அனுப்பிய அண்மைய செய்திகள், சமரசம் நடந்த அன்றிரவே அவள் கைபேசியிலிருந்து மறைந்துவிட்டன என்றாள். படம்பிடித்து வைத்துக்கொள் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. வாய்மொழித் தேர்வுக்குக்கூட வராமல் படிப்பை விட்டிருந்தாள். சாட்சி சொல்ல வர முடியுமா என்று கேட்டதற்கு மாட்டேன் என்றாள். அவளை வற்புறுத்த எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை.

இந்தத் தவற்றை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஏனெனில் இதைச் செய்கிறவர்கள், சட்டமே சமரசத்துக்கு இடம் தருகிறதே என்கிறார்கள். இடம் தருகிறது, ஆனால் எப்படிப்பட்ட சமரசத்துக்கு என்று அவர்கள் படிப்பதில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்டவர் தாமாகவே கேட்டால் மட்டுமே, விசாரணை தொடங்கும் முன், குழுவே சமரசத்துக்கு முயலலாம். அதற்குப் பணம் அடிப்படையாக இருக்கக் கூடாது, எட்டிய உடன்பாட்டைப் பதிவு செய்து இரு தரப்புக்கும் நகல் தர வேண்டும். முதல்வர் அறையில் நடந்ததில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. புகாருக்கு ஆளானவருக்கு முன்னெச்சரிக்கை கிடைத்தது, புகார் சொன்னவளுக்கோ அவள் கையெழுத்தாலேயே அவளுக்கு எதிரான சான்று உருவாயிற்று.

கால வரம்பையும் பாருங்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும், தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டலாம். "பொறும்மா, நான் அவர்கிட்ட பேசிப் பார்க்கிறேன்" என்று சொல்லிக் கழிக்கும் ஒவ்வொரு வாரமும் அந்தக் கணக்கிலிருந்துதான் போகிறது.

பெற்றோரை வரவழைப்பது தனியாகவே ஒரு கேடு. 18 வயது நிறைந்த மாணவியின் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குத் தகவல் சொல்லும் அதிகாரத்தை எந்த விதியும் குழுவுக்குத் தரவில்லை. நம் ஊர்களில் பல வீடுகளில் இப்படியொரு தொலைபேசி அழைப்பு போனால், அடுத்த வாரமே பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அதற்குப் பயந்தே எத்தனையோ மாணவிகள் வாய் திறப்பதில்லை. வீட்டுக்குச் சொல்லலாமா, சொன்னால் யாரிடம் சொல்வது, அம்மாவிடமா அக்காவிடமா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

அந்த முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியது அதிகமில்லை. அவளை உட்கார வைத்து, குறுக்கே பேசாமல் கேளுங்கள். இப்போது அவளுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். சிலருக்கு விசாரணை வேண்டும், சிலருக்கு அந்த ஆள் தன் விடைத்தாளைத் திருத்தாமல் இருந்தால் போதும். குழுவிடம் வருவதா, காவல்துறைக்குப் போவதா, இரண்டுமா என்ற மூன்று வழிகளையும் சொல்லி, காவல்துறைக்குப் போக விரும்பினால் உடன் வரவும் ஆயத்தமாக இருங்கள். செய்திகளை உடனே படம்பிடித்துப் பாதுகாக்கச் சொல்லுங்கள். எழுத முடியாத நிலையில் இருந்தால் அவள் சொற்களிலேயே எழுத உதவுவது குழுத் தலைவர் அல்லது உறுப்பினரின் கடமை என்று சட்டம் சொல்கிறது. மனத்தாலோ உடலாலோ இயலாதவர் சார்பில் நண்பரோ உடன் படிப்பவரோ புகார் தரவும் 2015 விதிகள் இடம் தருகின்றன. அடுத்து, அவள் விருப்பப்பட்டால், அந்த நெறியாளர் அவளுடைய தேர்வையோ ஆய்வையோ மதிப்பிடாதபடி இடைக்கால ஏற்பாடு செய்யப் பரிந்துரையுங்கள். அவளுக்கு மூன்று மாதம் வரை விடுப்பு தரவும் வழி இருக்கிறது. புகார் கொடுத்த பின்னும் அகமதிப்பீட்டு மதிப்பெண் அவர் கையிலேயே இருந்தால், அவள் எப்படி நிமிர்ந்து பேசுவாள்?

வயதைக் கேட்காமல் விடுதல்

முதலாண்டு மாணவர்களில் பலருக்கு வயது 17. அவர்கள் சட்டப்படி குழந்தைகள், அவர்களுக்கு எதிரான பாலியல் குற்றம் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தில் வரும். அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் குழுவுக்குள்ளேயே வைத்துக்கொண்டால், அதுவே தண்டனைக்குரிய குற்றம்.

பெயரை மட்டும் மறைத்தால் போதும் என்று நினைத்தல்

2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவருக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமை வழக்கில், அவரை அடையாளம் காட்டும் விவரங்களோடு எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதைக் கடுமையாகக் கண்டித்து, அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர உத்தரவிட்டது. அது காவல்துறை அளவில் நடந்த கசிவு. கல்லூரிக்குள் நடக்கும் கசிவு இன்னும் சத்தமில்லாதது. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது உதவியாளர் ஒரு துண்டுச் சீட்டோடு வந்து வாசலில் நின்று, "ஐ.சி. கமிட்டியில கூப்பிடுறாங்க" என்று மாணவியின் பெயரைப் படித்தால், மாலைக்குள் விடுதி முழுக்கத் தெரிந்துவிடும். "இரண்டாம் ஆண்டு இயற்பியல், நாமக்கல்லிலிருந்து வரும் பெண்" என்று அறிக்கையில் எழுதுவதும் பெயரைச் சொல்வதும் ஒன்றே. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு புகார்தாரர், எதிர்தரப்பினர், சாட்சிகள் ஆகிய எல்லாருடைய அடையாளத்தையும் காக்கச் சொல்கிறது.

அவசரத் தீர்ப்பு

மேலே சொன்ன சமரசத்துக்கு நேரெதிரான இந்தத் தவற்றை, மாணவிகள்மீது உண்மையான அக்கறை உள்ளவர்களே செய்கிறார்கள். புகார் உண்மை என்று மனத்தில் முடிவு செய்துவிட்டு, எதிர்தரப்பினருக்கு அவகாசம் தராமல் விசாரணையை முடித்துவிடுகிறார்கள். கோவா பல்கலைக்கழகத்தில் துறைத் தலைவராக இருந்த ஒருவரின் பணிநீக்கத்தை உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் ரத்து செய்தது. புகார்கள் வந்தது 2009-இல். குழு அவசரம் காட்டியதால் அவருக்குத் தம் பக்கத்தைச் சொல்ல நியாயமான வாய்ப்பு கிடைக்கவில்லை என்பதே காரணம், விவகாரம் மறுபடி விசாரணைக்கே திரும்பியது. புகார் தந்த மாணவிகளின் நிலையிலிருந்து இதை எண்ணிப் பாருங்கள். புகார் வந்த 7 நாளில் எதிர்தரப்பினருக்கு அதன் நகல், அவர் பதில் தர 10 நாள், மொத்த விசாரணைக்கு 90 நாள் என்ற கால அட்டவணையை அப்படியே கடைப்பிடியுங்கள். குறுக்கு விசாரணைக் கேள்விகளை எழுத்தில் வாங்கித் தலைவர் வழியாகக் கேட்டால், இருவரையும் நேருக்கு நேர் நிறுத்த வேண்டியதில்லை.

"அந்த நேரத்துல நீ ஏன் அங்க போன?"

இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது.

சாதியை 'இரண்டு பேருக்குள் சண்டை' ஆக்குதல்

பாலியல் புகார் அல்லாத, சாதிப் பாகுபாட்டுப் புகார்களில் இது நாள்தோறும் நடக்கிறது. 2007-இல் அறிக்கை அளித்த தோரட் குழு, தில்லி எய்ம்ஸில் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் எப்படி ஒதுக்கப்படுகிறார்கள் என்று விரிவாகப் பதிவு செய்தது. நம் கல்லூரிகளில் அது இன்னும் சாதாரண முகத்தோடு வருகிறது. அலுவலக எழுத்தர் வகுப்புக்குள் வந்து, "எஸ்.சி., எஸ்.டி. ஸ்காலர்ஷிப் பசங்க எழுந்து நில்லுங்க" என்பார். விடுதியில் முதல் நாளே "கட்-ஆஃப் எவ்வளவு?" என்று கேட்பார்கள், விடையைக் கேட்டதும் அடுத்தடுத்த கட்டில்கள் மாறிவிடும். ஆறு மாதம் இப்படிப் போனபின் ஒருநாள் கைகலப்பு நடக்கும், விடுதிக் காப்பாளர் இரு தரப்பிடமும் மன்னிப்புக் கடிதம் வாங்குவார். கைகலப்பை மட்டும் விசாரித்தால், அந்த ஆறு மாதமும் பதிவே இல்லாமல் போய்விடும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 விதிகள் ஒவ்வொரு நிறுவனத்திலும் சம வாய்ப்பு மையமும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்கின்றன. இப்படிப்பட்ட புகார் அவரிடம் போக வேண்டும். சாதியைச் சொல்லி இழிவு செய்திருந்தால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, அதன்கீழ் வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018-இல் திருத்தமும் வந்துவிட்டது. ஆகவே, கல்லூரி விசாரணை முடியட்டும் என்று மாணவரைக் காத்திருக்கச் சொல்லாதீர்கள்.

ராகிங்கை 'அறிமுகம்' என்று விட்டுவிடுதல்

1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பின்னர் வந்த 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவரை அக்குற்றத்துக்கு உடந்தையானவராகவே கருதுகிறது.

நிரூபிக்க முடியாததைப் பொய் என்று எழுதுதல்

இரண்டும் வெவ்வேறு. போதிய சான்று தர இயலாத காரணத்தால் மட்டும் புகார்தாரர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

முடிவைச் சொல்லாமல் விடுதல்

அறிக்கை முதல்வர் மேசைக்குப் போய்ச் சேர்ந்ததும் தம் வேலை முடிந்ததாகக் குழு நினைத்துவிடுகிறது. புகார் கொடுத்தவள், தான் சொன்னது என்னவாயிற்று என்று தெரியாமலே தேர்வெழுதிப் பட்டம் வாங்கிப் போய்விடுகிறாள். அடுத்த ஆண்டு இளையவள் ஒருத்தி அவளிடம் வழி கேட்கும்போது, "கொடுத்தேன், ஒண்ணும் ஆகல" என்பதுதான் அவளால் சொல்ல முடிந்த விடை. விசாரணை முடிந்த 10 நாளில் அறிக்கை நிர்வாகத்துக்குப் போக வேண்டும், கண்டறிந்தவற்றின் நகல் இரு தரப்புக்கும் கிடைக்க வேண்டும், நிர்வாகம் 30 நாளில் செயல்பட வேண்டும், உடன்படாதவர் மேல்முறையீடு செய்யவும் அந்த 30 நாள்தான் அவகாசம். எனவே நகலை ஒப்புகையோடு நேரில் கொடுங்கள், மேல்முறையீட்டுக்கு யாரிடம் எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்பதை அதனுடன் தமிழில் எழுதித் தாருங்கள், 31-ஆம் நாள் முதல்வர் அலுவலகத்துக்குப் போய் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று கேட்டு, அதையும் கோப்பில் பதிந்து அவளுக்குத் தெரிவியுங்கள்.