பழைய கிடாரையும் புது கிடாரையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி வந்தான். சர்ச் கொயரில் வாசிக்கிறவன். தோளில் கிடார், முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "அண்ணே, எழுபதுகள்ல செஞ்சது. புது கிடார் எதுவும் இது கிட்ட நிக்காது" என்றான். உறையைத் திறந்ததும் என் கண் நேராக பிரிட்ஜுக்கு, அதாவது தந்திகளை உடலில் பிடித்து நிறுத்தும் கட்டைக்குப் போனது. சேடில், அதாவது தந்திகள் ஏறி உட்காரும் அந்த வெள்ளைத் துண்டு, நகத்தின் கனம்கூட வெளியே தெரியவில்லை. ஃப்ரெட் என்பது தந்திக்கு அடியில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி; பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தி 5 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. 18,000 ரூபாய் கொடுத்திருக்கிறான். 1996-ல் நான் செய்த அதே தவறு.

பெரம்பூரில் கிடார் பழுது பார்க்கிறேன், சாயங்காலத்தில் சொல்லியும் கொடுக்கிறேன். சுருதி சேர்க்காமல் ஒப்பிடாதே, விரிசல் இருக்கிறதா பார் என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தந்தியை ஒப்பிட்டுவிட்டு கிடாரை ஒப்பிட்டதாக நினைப்பது

புது கிடாரில் பளபளவென்று புதுத் தந்தி இருக்கும். பழையதில் ஆறு மாதத்துத் தந்தி. இரண்டையும் வாசித்துவிட்டு "பழசு எவ்வளவு கனிவா இருக்கு" என்பார்கள். அந்தக் கனிவில் பெரும்பங்கு துருவும் விரல் அழுக்கும். ராயபுரம், காசிமேடு பக்கம் கடற்காற்றில் தந்தி ஒரு மாதத்திலேயே மங்கிவிடும்.

இரண்டிலும் ஒரே கனத்தில் புதுத் தந்தி போடுங்கள், 12-53 செட் போதும். ஒரே பிக், ஒரே பாட்டு. அப்புறம் வேறொருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் முதுகைத் திருப்பி உட்காருங்கள். எது பழையது என்று சொல்லத் தடுமாறாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நெக்கின் கோணத்தைப் பார்க்காமல் பணத்தைக் கொடுப்பது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

எஃகுத் தந்தி ஆறும் சேர்ந்து கிடாரை 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. ராத்திரி பகல் பாராமல், வருடக்கணக்கில். முப்பது நாற்பது வருடத்தில் முன்பலகை பிரிட்ஜுக்குப் பின்னால் மேலே உப்பும், பிரிட்ஜுக்கும் ஒலித்துளைக்கும் நடுவே சற்றுக் கீழே அமுங்கும். நெக், அதாவது கிடாரின் கழுத்து, உடலோடு சேரும் இடத்தில் முன்பக்கம் சாயும். கண்ணுக்குத் தெரியாது. தந்தி மட்டும் ஃப்ரெட்டுகளிலிருந்து உயர்ந்துகொண்டே போகும்.

அப்போது வைத்திருப்பவர் என்ன செய்வார்? சேடிலைத் தேய்ப்பார். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் 1 மில்லிமீட்டர் இறக்க வேண்டுமானால் சேடிலில் 2 மில்லிமீட்டர் போக வேண்டும். இரண்டு தடவை தேய்த்தால் சேடில் தீர்ந்துவிடும். அப்புறம் விற்றுவிடுவார். வாங்குகிறவரிடம் சொல்லும் வாசகம் எப்போதும் ஒன்றுதான்: "சின்ன செட்டப்தான், பண்ணினா சரியாயிடும்." இந்த வாசகத்தைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. கோணம் போன கிடார் செட்டப்பில், அதாவது தந்தி உயரத்தைத் திருத்தும் சில்லறை வேலையில், சரியாகாது.

1996-ல் நான் வியாசர்பாடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்தேன். பெரம்பூரில் ஒரு குடும்பம் வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது, வீட்டுச் சாமான்களை விற்றார்கள். அதில் ஒரு கிடார். மூன்று கார்டு வாசித்துப் பார்த்தேன், ஒலி மயக்கிவிட்டது. 3,200 ரூபாய். என் இரண்டு மாதச் சம்பளம். முதல் மூன்று ஃப்ரெட்டிலேயே வாசித்துப் பார்த்ததால் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ஐந்தாவது ஃப்ரெட்டில் பார் கார்டு, அதாவது ஒரே விரலால் எல்லாத் தந்தியையும் அழுத்துவது, பிடித்தால் விரல் வெட்டுப்பட்டது. ஒரு தச்சரிடம் கொண்டுபோனேன். சேடிலில் தேய்க்க இடமில்லை என்று அவர் பிரிட்ஜையே அரத்தால் இறக்கிவிட்டார். மூன்று மாதத்தில் பிரிட்ஜ் பிளந்தது. இன்னொருவர் அதில் இரண்டு திருகாணி இறக்கினார். அடுத்த அடைமழையில் முன்பலகை உள்ளே இறங்கியது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அந்த வேலையை அவர்களிடம் கொண்டுபோனவன் நான். இன்றைக்கும் அது என் பட்டறைச் சுவரில் தந்தியில்லாமல் தொங்குகிறது.

வாங்கும் முன் செய்ய வேண்டியது ஐந்து நிமிட வேலை. ஆறாவது தந்தியை, அதாவது தடித்ததை, முதல் ஃப்ரெட்டிலும் உடலோடு நெக் சேரும் பதினான்காவது ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில் ஏழாவது ஃப்ரெட் அருகே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நெக்கில் வளைவு சரியாக இருக்கிறது. வளைவு சரி, ஆனாலும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தி 3 மில்லிமீட்டரைத் தாண்டுகிறதா? சேடிலும் ஏற்கெனவே தாழ்ந்திருக்கிறதா? கோணம் போய்விட்டது. நம்பிக்கையில்லை என்றால் நீளமான இரும்பு ஸ்கேல் ஒன்றை ஃப்ரெட்டுகளின் மேல் படுக்கவைத்து பிரிட்ஜ் வரை தள்ளுங்கள். அதன் நுனி பிரிட்ஜின் மேல்விளிம்பில் உட்கார வேண்டும். நுனி பிரிட்ஜின் நெற்றியில் முட்டினால் கிடாரைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போங்கள்.

இங்கேதான் நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடைத் திருகுகிறார்கள். ட்ரஸ் ராட் நெக்கின் வளைவைத்தான் சரிசெய்யும். நெக் உடலோடு சேரும் கோணம் அதற்கு எட்டாது. காசிமேட்டுத் தம்பிக்கு விற்றவர் அதைத் திருகியே உடைத்திருந்தார். பழைய கிடாரில் திருக ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அமெரிக்க கிடார் கம்பெனியான கிப்சன் 1920களிலேயே திருகக்கூடிய ராடைக் கொண்டுவந்துவிட்டது. இன்னொரு அமெரிக்க கம்பெனியான மார்ட்டின் 1985-ல்தான் வைத்தது. அதற்கு முன் நெக்குக்குள் அசையாத எஃகு, போர்க்காலத்தில் எஃகு கிடைக்காதபோது கருங்காலி.

கோணத்தைத் திருத்த ஒரே வழி, நெக்கைக் கழற்றி அடியைச் செதுக்கித் திரும்பப் பொருத்துவது. பழைய நல்ல கிடார்களில் புறாவால் போன்ற பொருத்து, வஜ்ஜிரத்தால் ஒட்டியது. பதினைந்தாவது ஃப்ரெட்டைப் பிடுங்கி, துளை போட்டு, நீராவி செலுத்தினால் வஜ்ஜிரம் இளகி விட்டுக்கொடுக்கும். எங்கள் பக்கம் வந்து சேரும் மலிவான பழைய கிடார்களில் பலவற்றை யாரோ எபாக்ஸி பசை ஊற்றி வைத்திருப்பார்கள். அது நீராவிக்கு மசியாது, மரம்தான் பிய்யும். கூலி கிடாரின் விலையைத் தாண்டிவிடும்.

பழையதுக்கும் புதியதுக்கும் உண்மையான வித்தியாசம் எங்கே என்று கேட்டால் நான் இந்தப் பொருத்தைத்தான் காட்டுவேன். டெய்லர் கம்பெனி 1999-ல் போல்ட்டில் பூட்டும் புது நெக்கைக் கொண்டுவந்தது. போல்ட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் மெல்லிய சக்கையை மாற்றினால் கோணம் மாறும். நீராவி வேண்டாம், உளி வேண்டாம். மாதம் பார்த்துச் செலவு செய்கிற வீட்டுப் பிள்ளைக்கு இது ஒலியைவிடப் பெரிய விஷயம். அதற்காகப் புது கிடாரில் ஸ்கேல் வைக்காமல் வாங்காதீர்கள். பெட்டியிலிருந்து வரும்போதே கோணம் தப்பியவையும் என் மேசைக்கு வருகின்றன.

பழசு என்றாலே முழு மரம் என்று நம்புவது

1966-ல் வந்த யமஹா எஃப்ஜி 180, இன்று சிவப்பு லேபிள் என்று தேடி வாங்கப்படுவது, ஒட்டுப்பலகை முன்பலகை கொண்டது. இன்றைய எஃப்ஜி 800-க்கு முழு ஸ்ப்ரூஸ் பலகை. ஒலித்துளையின் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே தெரியும் ரேகைகள் கனத்திலும் அப்படியே இறங்கினால் முழு மரம். அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை.

ஒட்டுப்பலகை கெட்டது இல்லை. சென்னை ஈரத்தில் அது வளையாமல் நிற்கும். ஆனால் முழுமரத்தின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

பிரேசில் ரோஸ்வுட் மோகம்

மார்ட்டின் 1969-ல் பின்பலகைக்குப் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது வேறெதுவும் இல்லை, நம் ஈட்டி மரம், தோதகத்தி. நம் மலையில் வளரும் மரத்தில் செய்த கிடாரை உலகமே வாசிக்கிறது. பிரேசில் மரம் 1992 முதல் பன்னாட்டு வணிகத்தில் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது, விலை ஏறியதற்கு அது கிடைப்பது அரிதானதுதான் முக்கியக் காரணம். 2018-ல் வெளியான லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வில், பின்பலகை மரம் மட்டும் மாறிய ஆறு கிடார்களை 52 பேர் மரத்தைப் பார்க்க முடியாதபடி வாசித்தார்கள். ஒலிக்கு அவர்கள் கொடுத்த மதிப்பெண்களில் பெரிய வித்தியாசம் இல்லை. முன்பலகையைக் கவனியுங்கள்.

ஏசி அறையில் ஒன்று, வீட்டில் ஒன்று

கிடாருக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். நம் ஊர் பெரும்பாலான நாட்களில் அதைத் தாண்டி நிற்கும். கடையின் ஏசியில் இருந்த கிடார் தண்டையார்பேட்டை வீட்டுக்கு வந்ததும் ஈரத்தைக் குடித்து உப்பும், தந்தி உயரும். இரண்டும் ஒரே அறையில் ஒரு வாரம் இருக்கட்டும், அப்புறம் ஒப்பிடுங்கள். ஐப்பசி மழையில் சேடிலைத் தேய்த்தால் பங்குனியில் தந்தி ஃப்ரெட்டில் அடிக்கும்.

பழைய மெருகைச் சுரண்டிப் புது பாலிஷ் போடுவது

உப்புத்தாளைத் தொடாதீர்கள்.

நைலான் கிடாரில் எஃகுத் தந்தி

வேண்டாம். அது ஏறத்தாழ 40 கிலோ இழுப்புக்குக் கட்டியது. பிரிட்ஜ் பெயர்ந்து கையோடு வரும்.