பழைய அம்பாசிடர் வாங்கும்முன் பார்க்க வேண்டியவை

பழைய கார்களின் மீது பலருக்கு இருக்கும் ஈர்ப்புக்கு அவற்றின் தோற்றம் மட்டும் காரணமன்று. பானெட்டைத் திறந்தால் எஞ்சினின் பாகங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன, கைக்கும் எட்டுகின்றன. இன்றைய காரில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்கேனரை இணைத்துப் பார்க்கும்வரை பெரும்பாலும் காரணம் புலப்படாது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசிடரைச் சாதாரண ஸ்பேனர் செட்டை வைத்தே பெருமளவு பழுதுபார்த்துவிடலாம். இந்த வசதிக்காகத்தான் அதை வாங்குகிறோம் என்றால், தேர்ந்தெடுக்கும் முறையும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

முதலில் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்டவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளில் முடிந்து, அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதால், அது எதுவரை செல்லும் என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். 50 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கென 2021-இல் வந்த விண்டேஜ் பதிவில் அன்றாடப் பயணத்துக்கு அனுமதி இல்லை.

அடுத்து, நேரம் எடுத்துப் பார்க்க வேண்டியது பாடி. அம்பாசிடருக்குத் தனிச் சேசிஸ், அதாவது பாடியிலிருந்து தனியான அடிச்சட்டம், கிடையாது. தரைத் தகடும் பக்கச் சட்டங்களுமே வண்டியின் எடையைத் தாங்குகின்றன. துணி சுற்றிய காந்தத்தைக் கதவுகளின் அடிப்பகுதியிலும் அவற்றுக்குக் கீழே ஓடும் சட்டத்திலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகட்டுக்குப் பதிலாகப் பூசி நிரப்பிய பட்டிதான் இருக்கிறது. தரைவிரிப்பைத் தூக்கியும், டிக்கியின் அடித்தகட்டையும், பின்புற ஸ்பிரிங் பட்டைகள் பொருத்தப்பட்ட இடங்களையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். விற்பனைக்கென்று அண்மையில் பெயின்ட் அடித்த காரைவிட, வெளிறிய பழைய பெயின்டோடு நிற்கும் காரையே நான் நம்புவேன், ஏனெனில் அதில் துருவை மறைக்க இடமில்லை. எஞ்சினை இறக்கி வேலை பார்ப்பது எளிது. துருப்பிடித்த தரையை வெட்டி ஒட்டும் டிங்கரிங் செலவு சில சமயம் காரின் விலையையே மிஞ்சிவிடும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கலாம். சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை நிற்காமல், ஆயில் மூடியின் உட்புறம் பால் போன்ற படிவும் இருந்தால், எஞ்சின் தலைப்பகுதிக்குக் கீழே உள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

வாங்கியவுடன் பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள், ஏனெனில் இப்போது கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் நாளடைவில் பாழாகும். 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் மிஸ்ஸிங் இருந்தால், அதாவது எஞ்சின் விட்டுவிட்டு இயங்கினால், கார்புரேட்டரைக் கழற்றும்முன் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே மின்சுற்றைத் திறந்து மூடும் பாயிண்ட்டைப் பாருங்கள். அதன் முகத்தில் கருகலோ குழியோ இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இரு முனைகளும் முழுமையாக விலகி நிற்கும் நிலையில் மெல்லிய அளவுத் தகடான ஃபீலர் கேஜை நுழைத்து, இடைவெளியை ஏறத்தாழ 0.35 முதல் 0.40 மி.மீ. வரை வைத்து இறுக்கினால், பல நேரங்களில் எஞ்சின் சீராகிவிடும். இந்தப் பத்து நிமிட வேலையைத் தானே செய்து முடிப்பதில் கிடைக்கும் நிறைவைப் புதிய கார் தருவதில்லை.

ஆனால் பாதுகாப்பில் புதிய கார்களே மேலானவை. அம்பாசிடரில் காற்றுப்பை கிடையாது, திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கிடையாது. பழைய மாடல்களில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். எனவே முன்னே செல்லும் வண்டிக்கு வழக்கத்தைவிட அதிக இடைவெளி விட்டு ஓட்டுங்கள். தேங்கிய மழைநீரைக் கடந்தால், பிரேக்கை லேசாக மிதித்தபடியே சற்றுத் தூரம் மெதுவாக ஓட்டி டிரம்மை உலரவிட்ட பிறகே வேகம் எடுக்க வேண்டும்.