வாளையார் தாண்டி வருபவர்களுக்கு: கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பின் வரவும் செலவும்

தமிழ்நாட்டிலிருந்து கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக்கு, கஞ்சிக்கோட்டில் வேலை கிடைத்தோ, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தொழில் தொடங்கியோ குடிவருகிறவர்கள் வாடகை வீடு, கேஸ் இணைப்பு எல்லாம் முடித்த பிறகுதான் பிள்ளையின் பள்ளிக்கூடத்தை யோசிக்கிறார்கள். வீட்டில் ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கும் பிள்ளை இருந்து, கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்றும் முடிவாகியிருந்தால் பள்ளிக்கூடத்தை முதலில் பாருங்கள். பிளஸ் டூவை எந்த மாநிலத்தில் முடிக்கிறார்கள் என்பது கல்லூரிச் செலவைப் பெருமளவு மாற்றிவிடும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பத்தாவது முடித்த கையோடு பிள்ளையை இங்கே சேர்த்தால் அந்த உரிமை போயிற்று. இன்னும் இரண்டு வருடம் தாத்தா பாட்டி வீட்டில் இருந்து படிக்கட்டும் என்பதே என் கட்சி. பிரிவு கஷ்டம்தான், ஆனால் நான்கு வருடக் கட்டணம் சின்னத் தொகை இல்லை.

தனியார் பள்ளிப் பிள்ளை என்றால் கணக்கு வேறு. இங்கே பிளஸ் டூ முடித்தாலும், தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்ற இருப்பிடச் சான்றிதழ் இருந்தால் தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்து 200க்குக் கணக்கிடும் கட்ஆஃப் மட்டும். கேரளத்தில் கீம் என்ற மாநில நுழைவுத் தேர்வும் பிளஸ் டூ மதிப்பெண்ணும் சரிபாதி. ஆனால் ‘கேரளீயர்’ என்ற வரையறைக்குள் வராத பிள்ளைக்கு இங்கே இட ஒதுக்கீடும் கட்டணச் சலுகையும் இல்லை. அகத்தேத்தறை என்எஸ்எஸ் கல்லூரி பக்கத்தில்தானே இருக்கிறது என்று நம்பியிருப்பவர்கள் கீம் விளக்கக் குறிப்பேட்டில் அந்தப் பகுதியை முதலில் படித்துவிடுங்கள்.

என்ஐடி எனப்படும் தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் பாதி இடங்கள் சொந்த மாநிலத்துக்கு. அங்கே சொந்த மாநிலம் என்பது பிளஸ் டூ முடித்த மாநிலம். இங்கே படித்தால் கோழிக்கோடு, அங்கே படித்தால் திருச்சி. ஐஐடிகளில் அப்படி ஒன்றும் இல்லை. 2015இல் தொடங்கிய பாலக்காடு ஐஐடி கஞ்சிக்கோட்டிலேயே இருந்தாலும் உள்ளூர்க்காரருக்குத் தனிச் சலுகை கிடையாது. கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம். குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குள் இருந்தால் முழுத் தள்ளுபடி, 5 லட்சத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணமே இல்லை.

இனி வரவு. கல்லூரி வாசல் பேனரில் இருக்கும் ‘உச்சபட்ச பேக்கேஜ்’ ஒரே ஒரு பிள்ளையின் சம்பளம். உங்களுக்கு வேண்டியது இடைநிலைச் சம்பளம், அதாவது வேலை கிடைத்தவர்களில் பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் வாங்கும் தொகை. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் இதையும், வேலை கிடைத்தவர்களின் எண்ணிக்கையையும் அதன் படிவத்தில் தருகின்றன. எல்லாப் பிரிவுகளையும் சேர்த்த எண் என்பது ஒரு குறை. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மட்டும் எவ்வளவு என்று கல்லூரியிலேயே எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

பெரிய ஐடி நிறுவனங்கள் கூட்டமாக ஆள் எடுக்கும்போது தொடக்கச் சம்பளம் பல ஆண்டுகளாக வருடம் மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. பிஎஃப் முதலியவை போக மாதம் 25,000 கைக்கு வரலாம். 10 லட்சம் கடனை 10 சதவீத வட்டியில் பத்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை ஏறக்குறைய 13,200. படிக்கும் காலத்து வட்டி தனி. அந்தச் சம்பளத்தில் பெங்களூரு வாடகையும் கொடுத்து இதையும் கட்ட முடியாது. 4 லட்சம் கடன் என்றால் தவணை 5,300தான், சமாளிக்கலாம். அதனால் நிர்வாக ஒதுக்கீட்டில் பெரிய தொகை கேட்கும் சுமாரான கல்லூரியைவிட, அரசுக் கல்லூரியில் பிஎஸ்சி படித்து, பிறகு இரண்டு வருட எம்சிஏ (கம்ப்யூட்டர் முதுகலைப் படிப்பு) முடிப்பது பல குடும்பங்களுக்கு நல்லது. ஒரு வருடம் கூடுதலாகும், கடன் வெகுவாகக் குறையும்.

கோயம்புத்தூர்க் கல்லூரி கிடைத்தால் விடுதியில் சேர்ப்பதற்கு முன் மாணவர் சீசன் டிக்கெட்டை விசாரியுங்கள். ரயில் நேரமும் வகுப்பு நேரமும் பொருந்தினால் விடுதிச் செலவு மிச்சம். வருமானச் சான்றிதழுக்கு இங்கே அக்ஷயா என்ற அரசு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், வழங்குவது வில்லேஜ் ஆபீஸ். கலந்தாய்வு நெருக்கத்தில் கூட்டம் அலைமோதும் என்பதால் முன்னதாகவே போய்விடுங்கள்.