ஒரே பேரில் ரெண்டு ஐபோனா? சிரிக்குப் புரியவைப்பது எப்படி

விளக்குத்தூண் பக்கம் துணிக்கடை எங்களுக்கு. சித்திரைத் திருவிழா நேரம், பிரித்துப் போட்ட சுங்குடிச் சேலைகளுக்குள் போன் எங்கேயோ புதைந்துவிட்டது. சைலன்டில் வேறு. ஐபேடை எடுத்து, அதில் பேச்சைக் கேட்டு வேலை செய்யும் ஆப்பிளின் உதவியாளர் சிரியிடம், "ஹே சிரி, ஃபைண்ட் மை ஐபோன்" என்றேன். எது என்று கேட்டது. பட்டியலில் இருந்த ரெண்டுக்கும் ஒரே பேர். மேலே இருந்ததைத் தொட்டேன். அடுத்த நிமிடம் கல்லாவில் இருந்த லேண்ட்லைனில் வீட்டுக்காரம்மா: "ஏங்க, பீரோவுக்குள்ள உங்க பழைய போன் அலறுது!"

தப்பு சிரி மேல் இல்லை. புதுப் போன் வாங்கியதும் பழையதன் பேக்கப்பை அப்படியே ஏற்றினோம் இல்லையா, அப்போது பழைய பேரும் கூடவே வந்துவிடும்.

முதலில் பேரை மாற்றுங்கள். செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட், அங்கே மேலேயே நேம். ஐபேடுக்கும் இதே வழிதான். ஏர்பாட்ஸ் என்றால் காதில் மாட்டிக்கொண்டு செட்டிங்ஸைத் திறங்கள்; மேலே அதன் பேர் தெரியும், அதைத் தொட்டால் உள்ளே நேம் இருக்கும்.

என்ன பேர் வைப்பது என்பதில்தான் சூட்சுமம். தமிழ்ப் பேர் என்றால் சிரி தடுமாறலாம். ஆசையாக 'ஜிகர்தண்டா' என்று வைத்தேன். நான் சொன்னதை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக எழுதிக் காட்டியது. 'ஷாப் போன் ஒன்', 'ஷாப் போன் டூ' என்பதும் வேண்டாம். முக்கால்வாசி ஒரே சத்தம், அவசரத்தில் நமக்கே வாய் குழறும். 'அம்மா போன்' என்று வைத்தால் அம்மாவுக்குக் கால் போட்டுவிடுமோ என்ற பயம் தனி. கடைசியில் கடைப் போனுக்கு 'டைகர்', வீட்டில் கிடப்பதற்கு 'மேங்கோ' என்று ஆங்கில எழுத்திலேயே வைத்தேன். பையன் சிரித்தான். சிரிக்கட்டும்.

அடுத்து, செட்டிங்ஸில் உங்கள் பேரைத் தொட்டு, ஃபைண்ட் மை போய், ஃபைண்ட் மை ஐபோன் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். பிறகு ஃபைண்ட் மை ஆப்பில் டிவைசஸ் பகுதியைத் திறந்தால் புதுப் பேர்கள் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நெட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள்.

பழைய போனை யாருக்காவது கொடுக்கப் போகிறீர்களா? அதில் ஐகிளவுடிலிருந்து சைன் அவுட் செய்துவிட்டுக் கொடுங்கள். பட்டியலில் ஒன்று குறையும், குழப்பமும் குறையும்.

இனி சோதனை. ஒரு போனைச் சைலன்டில் போட்டு அடுத்த அறையில் தலையணைக்கு அடியில் வையுங்கள். கையில் இருப்பதிடம், "ஹே சிரி, ஃபைண்ட் மேங்கோ" என்று கேளுங்கள். சைலன்டில் இருந்தாலும் சத்தம் வரும். திரும்ப எது என்று கேட்டாலும் கவலையில்லை, இப்போது பட்டியலைப் பார்த்தாலே எது எதென்று தெரியும். பேரையே தப்பாக எழுதிக் காட்டினால் மட்டும் வேறு பேர் தேடுங்கள். எனக்கு நாலாவது பேர்தான் வாய்த்தது.