முற்றத்துக் கதிரையை வெயில் தின்னாமல் காப்பது எப்படி?

வெளியே போட்ட கதிரை வெளுத்தால் எல்லாரும் சூட்டைத்தான் திட்டுவார்கள். சூட்டுக்கும் பங்கு உண்டு, ஆனால் முக்கியக் காரணம் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர். மரத்தில் நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருளை அது உடைக்கிறது, உடைந்ததை மாரி மழை கழுவிக்கொண்டு போகிறது, மிஞ்சுவது சாம்பல் நிற நார்தான். திருகோணமலையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும், இடையில் வறண்ட கச்சான் காற்று வேறு. மேகம் போட்டாலும் நிம்மதி இல்லை, மெல்லிய மேகத்தைத் தாண்டிக் கதிர் வந்துவிடும்.

முதலில் நிழல். கடைக்குப் போகும் முன் கதிரையை இடம் மாற்றிப் பாருங்கள். பிற்பகல் வெயில் படாத பக்கம், வேப்பமர நிழல், அதுவும் இல்லாவிட்டால் நாலு கம்பு நட்டு ஒரு கிடுகுப் பந்தல். எந்த வார்னிஷும் இதற்கு ஈடில்லை என்பதுதான் என் கட்சி. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கரையோரம் இருப்பவர்களுக்கு ஒன்று: மணலும் புற ஊதாக் கதிர்களைத் திருப்பி அடிக்கும், அதனால் நிழலில் இருந்தாலும் பூச்சு வேண்டும்.

பூச்சு வேலைக்கு நல்ல காலம் மாரி ஓய்ந்து மரம் நன்றாகக் காய்ந்த பிறகு, பெப்ரவரி, மார்ச். நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிக் காயவிடுங்கள். சாம்பல் படை போகும்வரை 120ஆம் நம்பர் சாண்ட் பேப்பரால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்து, அப்புறம் 220ஆல் மழமழப்பாக்கித் தூசியைத் துடையுங்கள். சரி, இனி எதைப் பூசுவது? சாதாரணத் தெளிந்த வார்னிஷ் பார்க்க அழகு, ஆனால் கதிர் அதை ஊடுருவி அடியில் உள்ள மரத்தைக் கெடுக்கும், பிறகு பூச்சே தோல் தோலாக உரியும். மர நிறம் தெரிய வேண்டுமென்றால் புற ஊதாத் தடுப்பு உள்ளது என்று தகரத்தில் எழுதியிருக்கும் வெளிப்புற வார்னிஷை வாங்குங்கள். நிறம் மறைந்தாலும் பரவாயில்லை என்றால் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து அதன்மேல் பெயின்ட் இரண்டு பூச்சு, நீண்ட நாள் தாங்குவது இதுதான். காலையிலோ மாலையிலோ பூசுங்கள், கொதிக்கும் பலகையில் பூசினால் கொப்புளம் வரும்.

தேக்குக்கு ஆளிவிதை எண்ணெய் தடவுபவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது, அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

மெத்தை உறைகளைப் பாவித்து முடிந்ததும் விறாந்தைக்குள் எடுத்து வைத்தால் போதும். கதிரையை மூடி வைக்க நினைத்தால் பொலித்தீனை இறுக்கிச் சுற்றாதீர்கள், உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

பிளாஸ்டிக் கதிரையைக் கையால் தடவிப் பாருங்கள். வெள்ளை மா ஒட்டினால் மேற்பரப்பு சிதைகிறது என்று அர்த்தம், சாதாரணப் பெயின்ட் அதில் சரியாக ஒட்டாது. கதிரைக் காலில் வெடிப்பு தெரிந்தால் யாரையும் அதில் இருத்தாமல் ஒதுக்கிவிடுங்கள், பாரம் விழும்போது பட்டென்று முறியும்.